அம்மா மறுபடி சுக்கான் பிடித்தாள்

செல்விக், ஃபாரோ தீவுகள்
ஆகஸ்ட் முதல் வாரம்

அன்பு மகள் ரன்வாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இத்தனை வருடமாக இந்த வரியைப் பழக்கத்தில் எழுதி வந்தேன், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் உண்மை, வேண்டுமானால் திரும்ப ஒருமுறை படித்துக்கொள். நீயும் மாப்பிள்ளை லௌத்தாரோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிலியில் இப்போது குளிர்காலம், மீன் பண்ணைக் கூண்டுகளுக்குப் படகில் போகும்போது கம்பளிச் சட்டைக்கு மேலே மழைச்சட்டையும் போட்டுக்கொள், உன் வயதில் நானும் குளிரெல்லாம் ஒன்றும் செய்யாது என்றுதான் திரிந்தேன், இப்போது முழங்கால் பேசுகிறது. போனில் கேட்டால் உன் அம்மா 'நல்லா இருக்கேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசப் போய்விடுவாள், நாம் ஏதாவது கேட்பதற்குள் போனை வைத்தும் விடுவாள். அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் நிறைய வரும், பொறுத்துக்கொள், நீ இதை மாப்பிள்ளைக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறாய், பாவம் அவருக்கு எதுவும் தெரியாது.

அவரிடம் இப்படிச் சொல்லு. உன் அம்மா எல்ஸ்பா என்றால் இந்தத் தீவில் ஒரு சத்தம். பெண்கள் ஓட்டும் ஆறு துடுப்புப் படகான நம் ஊர் 'ஆலா'வில் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடித்தவள் அவள். துடுப்புப் போடும் பெண்கள் ஆறு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கண்ணுக்குத் தெரிவது சுக்கான் பிடிப்பவளின் முகம் ஒன்றுதான், காதுக்குக் கேட்பது அவள் குரல் ஒன்றுதான், பாறை எங்கே அலை எங்கே எதிரி எங்கே என்று பார்ப்பவளும் அவள் ஒருத்திதான். அந்த வேலைக்கு வேண்டியது மூச்சு. உன் அம்மாவிடம் இல்லாமல் போனதும் அதுதான். சின்ன வயதிலேயே ஆஸ்துமா உண்டு என்றாலும் இன்ஹேலரில் அடங்கியிருந்தது, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. மூக்குக்குள் சதை வளர்ந்து வாசனையே தெரியாமல் போயிற்று, அறுத்து எடுத்தார்கள், திரும்ப வளர்ந்தது. பிறகு ஸ்டீராய்டு மாத்திரை வந்தது. அதுதான் அவளை உயிரோடு வைத்திருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கிக்கொண்டதும் கொஞ்சமில்லை. முகம் உப்பிப் போய், கடைக்குப் போனால் பழைய சிநேகிதிகளே யாரோ என்று பார்க்கிறார்கள் என்று கடைக்குப் போவதையே நிறுத்தினாள். எலும்பு மெலிந்துபோய் ஒருநாள் இருமிய இருமலிலேயே விலா எலும்பு விரிசல் விட்டது, அது உனக்கு இப்போதுதான் தெரியும், அவள் சொல்ல வேண்டாம் என்றாள். மூன்று கோடைக்கு முன்னால் பயிற்சியின் நடுவில் படகிலேயே மூச்சு நின்றதுபோல் ஆகி உதடு நீலமாகி, அந்தப் பெண்கள் அவளை மடியில் போட்டுக்கொண்டு கரைக்கு வலித்து வந்ததும், ஹெலிகாப்டர் வந்து பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் முன்வரிசைத் துடுப்புக்காரி துரிதா. அதற்குப் பிறகு உன் அம்மா படகுக் கொட்டகைப் பக்கமே போகவில்லை, 'ஆலா'வும் அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை.

போன வருடம் இலையுதிர் காலத்தில்தான் தலைநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் லாரிட்சன் என்ற டேனிஷ்காரர் வந்து சேர்ந்தார். நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு, பேசுவதற்கு முன்னால் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர். இரத்தம் எடுத்தார், குழாயில் ஊத வைத்தார், இன்ஹேலரை ஒழுங்காகத்தான் இழுக்கிறாளா என்று நர்ஸ் முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னார், உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, 'நாப்பது வருஷமா இழுக்கிறேன், எனக்கே பாடம் எடுக்கிறியா' என்று கேட்டாள். நர்ஸ் ஹெர்போர் நம் பக்கத்துத் தீவுப் பெண், லேசில் விடுகிறவள் இல்லை, 'நாப்பது வருஷமா தப்பா இழுக்கிறவங்களையும் பாத்திருக்கேன், இழுங்க' என்றாள். சரியாகத்தான் இழுத்தாள். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் புதுவகை ஊசியைப் பற்றிச் சொன்னார், ஆன்டிபாடி மருந்து என்றார், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெர்போர்தான் புரிய வைத்தாள். 'ஒரு படகுக்காரன் இங்க மீன் இருக்குன்னு ரேடியோவுல கத்துறான், மீன் இருக்கோ இல்லையோ அத்தனை படகும் வந்து ஒரே துறைமுகத்துல முட்டிக்கிட்டு நிக்குது, அப்புறம் யாரும் உள்ள வர முடியல, வெளிய போக முடியல, உங்க மூச்சுக்குழாய்ல நடக்கிறது அதான். ரத்தத்துல இருக்கிற ஒருவகை வெள்ளை அணுவைச் சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கு உங்க உடம்பு. ஸ்டீராய்டு என்ன பண்ணுதுன்னா ஊர் மொத்தத்துக்கும் கரண்டை நிறுத்திடுது. இந்த ஊசி அந்த ஒரு ரேடியோவை மட்டும் நிறுத்தும்' என்றாள். உன் அம்மா யோசித்துவிட்டு, 'சரி, நிறுத்து, அவன் கத்துனது போதும்' என்றாள்.

ஆனால் ரன்வா, எடுத்த எடுப்பில் அது பலிக்கவில்லை. முதல் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டு, ஒவ்வாமை ஏதாவது வருகிறதா என்று உட்கார வைத்துப் பார்த்தார்கள். பிறகு மாதம் ஒன்று. குளிர்காலம் முழுக்க நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்த்து 'கெட்டில் கொதிக்குமான்னு பாக்கிற மாதிரி பாக்காத' என்று எரிந்து விழுந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்ப மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனோம், திரும்ப ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வரும் வழியில் சுரங்கப் பாதைக்குள் காரில் வந்துகொண்டிருக்கும்போது அவள் சொன்னாள், 'துமாஸ், எனக்குன்னு கடைசியா ஒண்ணு வச்சிருந்தாங்க, அதுவும் வேலை செய்யல' என்று. கடலுக்கு அடியில் இத்தனை தூரம் தோண்டி வழி போட்டிருக்கிறார்களே இவர்களால் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்த முறை போனபோது டாக்டர் லாரிட்சன் கையைப் பிசையவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. 'தப்பான ரேடியோவைப் பிடிச்சிருக்கோம். எல்லாருக்கும் ஒரே ஊசி கேக்காது, சிலருக்கு எதுவுமே கேக்காது, அதையும் சொல்லிடறேன். ஆனா உங்க மூக்கு நிலைமையையும் ரத்தத்தையும் சேத்துப் பாத்தா இன்னொண்ணு இருக்கு' என்றார். அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது, பேனா மாதிரி இருக்கும், வீட்டிலேயே தொடையில் வைத்து அழுத்த வேண்டியதுதான். இஞ்சின் அறையில் முப்பது வருடம் இருந்தவன் நான், முதல் தடவை அவள் தானே போட்டுக்கொண்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது வேலை செய்தது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா, அதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காலை, பக்கத்து வீட்டு யாக்குப்பின் படகு இஞ்சினைக் கழற்றி மாட்டிவிட்டு அப்படியே சமையலறைக்குள் வந்தேன். உன் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். 'துமாஸ், உன் மேல என்ன இந்த நாத்தம்' என்றாள். டீசல் என்றேன். சொல்லிவிட்டுத்தான் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கும் அப்போதுதான். வாசனை என்பதே இல்லாமல் ஒன்பது பத்து வருடம் சமைத்தவள், கை அளவை வைத்து உப்புப் போட்டவள், என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, 'எவ்வளவு கேவலமா இருக்கு' என்று சொல்லி அழுதாள். நாற்றமடிக்கிறாய் என்று சொன்னதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. காப்பி டப்பா, நாய், கம்பளிச் சட்டை, உன் பழைய அறை அலமாரி, மழை நின்ற பிறகு வாசல் கல், ஒன்று விடவில்லை. கடைசியில் யாக்குப் வீட்டு இறைச்சி உலர்த்தும் கொட்டகைக்குப் போய், பலகை இடுக்கு வழியாகக் காற்று வீசுகிற இடத்தில் நின்று, தொங்குகிற ஆட்டுத் தொடைகளின் அந்தப் புளித்த வாசனையை ஒரு பாட்டு முடியும் நேரம் நின்று பிடித்தாளாம். யாக்குப் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், 'என் ஆட்டுக்கறியப் பாத்து மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடின வெளியூர்க்காரங்க எத்தனையோ பேரு, நின்னு கண்ணீர் விட்ட பொம்பளை இவ ஒருத்திதான்' என்று.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மாத்திரையைச் சட்டென்று நிறுத்த முடியாது, உடம்பே தனக்கு வேண்டியதைச் சுரக்க மறந்து போயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். வசந்த காலம் அதில்தான் போயிற்று. மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் கைகால் ஈயம் மாதிரி, மூட்டு வலி, மதியத்திலேயே படுத்துவிடுவாள். ஹெர்போர் வாரம் தவறாமல் போன் செய்து 'எழுந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா, தலை சுத்துதா' என்று கேட்பாள். ஒவ்வொரு படியாக மாத்திரை குறைந்து, ஜூனில் கடைசி மாத்திரையும் போயிற்று. முகம் வடிந்து பழைய கன்னம் தெரிய ஆரம்பித்தது, ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று 'ஏய், நீ எங்கடி போயிருந்த' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கேட்காத மாதிரி நகர்ந்துவிட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற ஆரம்பித்தாள். முதலில் வேலி வரைக்கும், பிறகு ஆட்டுப்பட்டி வரைக்கும், பிறகு உச்சிக்கே போய் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள், கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அந்தக் குரல் கேட்ட அன்றே அவள் எங்கே போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படகுக் கொட்டகைக்குத்தான். நானும் கூடப் போனேன். இப்போது துரிதாதான் குழுவின் தலைவி, மற்றவர்கள் எல்லாம் சின்னப் பெண்கள், சுக்கானுக்கு வாத்தியார் மனைவியை உட்கார வைத்திருந்தார்கள், நல்ல மனுஷி, ஆனால் கடலைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள், எப்போதடா எழுந்து போகலாம் என்று இருந்தாள். உன் அம்மா நேராகப் போய் கேட்டாள். துரிதாவின் முகம் இறுகிவிட்டது. 'அக்கா, கோவிச்சுக்காதீங்க, முடியாது' என்றாள். 'அன்னைக்கு உங்க தலை என் மடியில இருந்துச்சு. கரை வர்றதுக்குள்ள நீங்க போயிருவீங்கன்னு நெனச்சேன். இன்னொரு தடவை என்னால அதைச் சுமக்க முடியாது. கரையில நின்னு கத்துங்க, அது போதும்' என்றாள். உன் அம்மா கோபப்படவில்லை, நான் பயந்தேன், ஆனால் படவில்லை. 'கரையில நின்னு கத்துனா கடற்காக்காதான் கேக்கும், அதுங்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாது' என்றாள். பிறகு மூலையில் இருக்கிற துடுப்புப் போடும் இயந்திரத்தில் போய் உட்கார்ந்தாள். 'நீ பக்கத்துல உக்காரு. நான் இழுக்கிறேன், பேசிக்கிட்டே இழுக்கிறேன். எப்ப என் பேச்சு நிக்குதோ அப்ப நான் வீட்டுக்குப் போயிடறேன், திரும்ப வரமாட்டேன்.' இழுக்க ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்டே ஒவ்வொரு பெண்ணாக எடுத்துத் திட்டினாள். நடுவில் இருக்கிற பிர்னா துடுப்பைப் போடவில்லை, கஞ்சி கிண்டுகிறாள் என்றாள். இடது பக்கத்துப் பெண் ஒவ்வொரு இழுப்புக்கும் திரும்பிப் பார்க்கிறாள், யார் வரப்போகிறான் அங்கே என்றாள். போன வருடம் நீங்கள் தோற்றது காற்றால் இல்லை, திரும்புகிற இடத்தில் ஆறு பேரும் ஆறு விதமாக இழுத்தீர்கள், நான் ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன் என்றாள். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்று கேட்க ஆரம்பித்தார்கள். துரிதா மட்டும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிறம் மாறுகிறதா என்று. மாறவில்லை. சிவந்திருந்தது, அவ்வளவுதான். கடைசியில் துரிதாதான் கையைப் போட்டுக் கைப்பிடியை நிறுத்தினாள். 'போதும் அக்கா, பேச்சை நிறுத்துங்க, நாளைக்குப் பயிற்சிக்கு வாங்க' என்றாள். டாக்டரிடமும் கேட்டோம். 'போகலாம், ஆனா தினசரி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, அவசரத்துக்கு நீல இன்ஹேலர் சட்டைப் பையில இருக்கணும், ஊசி போட்டா பழைய நோய் ஒளிஞ்சிருக்குமே தவிர ஓடிப்போயிடாது' என்றார்.

போட்டி நாள் தென்கிழக்குக் காற்று. துறைமுகத்துக்குள்ளேயே அலை வெள்ளையாக உடைந்தது. தள்ளி வைத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள், வைக்கவில்லை. எதிரே தெற்குத் தீவின் படகு, போன மூன்று வருடமும் ஜெயித்தவர்கள், தோளே தனி அளவு அவர்களுக்கு. நான் யாக்குப்போடு அலைதடுப்புச் சுவரின் முனையில் போய் நின்றேன், அவர் தெர்மோஸிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார், என்னால் பிடிக்க முடியவில்லை, அவரே குடித்தார். தொடக்கத்தில் நம் படகு பின்தங்கித்தான் போயிற்று, ஒரு படகு நீளத்துக்கும் மேல். குளிர்ந்த சாரல் நேராக அவள் முகத்தில்தான் அடிக்கிறது, அதே சாரல்தானே அன்றைக்கும், என் மூச்சு எனக்கு வரவில்லை. பாறைத்திட்டைத் தாண்டுகிற இடத்தில் தெற்குக்காரர்கள் பயந்து வெளிப்பக்கமாகச் சுற்றினார்கள். உன் அம்மா உள்பக்கம் விட்டாள். அந்த இடுக்கில் அலை எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் துடுப்புப் போடுகிறவர்களுக்குப் பாறை தெரியாது, அவர்கள் நம்ப வேண்டியது அவள் குரலை மட்டும்தான், அந்தக் குரல் ஒரு இழுப்புக்குத் தடுமாறினாலும் போச்சு. அப்போதுதான் கேட்டது. காற்றுக்கு எதிராக, தண்ணீருக்கு மேல், 'இழு, இழு, என் கண்ணைப் பாரு, இழு' என்று. யாக்குப் கோப்பையை இறக்கி, 'அது எல்ஸ்பாவா இல்ல துறைமுகத்துச் சங்கா' என்று கேட்டார். மூன்று வருடம் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் இருந்தவள், ரன்வா. இடுக்கிலிருந்து வெளியே வந்தபோது படகுகள் இரண்டும் சமமாக இருந்தன. அதற்குப் பிறகு நான் பார்த்தது சரியாக நினைவில்லை, கண் மறைத்தது, யாக்குப் என் முதுகில் குத்திய குத்து மட்டும் நினைவிருக்கிறது. அரைத் துடுப்பு நீளத்தில் 'ஆலா' ஜெயித்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஜெயித்த குழு சுக்கான்காரியைத் தண்ணீரில் தூக்கிப் போடுவது வழக்கமாயிற்றே. அந்தப் பெண்கள் சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை, கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டிப் போட்டுவிட்டார்கள். போட்ட பிறகுதான் துரிதாவுக்கு உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. வாத்தியம் வாசித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தண்ணீரின் குளிர் உனக்குத் தெரியும், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், ஆரோக்கியமானவனுக்கே மூச்சு முட்டும். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் மேலே வந்தாள். தலைமுடியை விலக்கினாள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள், அவ்வளவு பெரிய மூச்சை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை, இழுத்துவிட்டு, 'என் புது ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் போடணும்னு ஒருத்திக்குக்கூடத் தோணலையா' என்று கரையெல்லாம் கேட்கக் கத்தினாள். அப்போது எழுந்த கூச்சலில் தேவாலயக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. துரிதா உடையோடு குதித்துவிட்டாள், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே மிதந்தார்கள், பாதிரியார் வந்து கம்பளி கொண்டுவரச் சொல்லும் வரைக்கும்.

மற்றபடி இங்கே செய்தி, ஆட்டுக்குட்டிகள் நன்றாக வளர்கின்றன, கூரையில் ஒரு தகரம் மாற்ற வேண்டும், யாக்குப்புக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். உனக்கு ஒரு வார்த்தை. போன மாதம் போனில் பேசும்போது நடுவில் இருமினாய், ஈரக்காற்று என்றாய். உன் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரைப் பார்த்து ஊதிக் காட்டிவிட்டு வா, ஒன்றுமில்லை என்றால் நல்லது, எனக்கு எழுது. மாப்பிள்ளையையும் அப்பாவின் ஸ்தானத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன், அவளை இழுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கல்யாணத்தை நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனை நட்டு வைத்துப் பார்த்தோம், உன் அம்மாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் உன் பக்கம் தெரியாதபடி போனைத் திருப்பி வைக்கச் சொன்னாள், அதனால்தான் அன்றைக்கு உனக்கு என் காது மட்டும் தெரிந்தது. சரி, அது போகட்டும். போட்டிக்கு மறுநாள் காலை டாக்டர் லாரிட்சனிடம் விமானத்தில் போகலாமா என்று கேட்டாள், தாராளமாக என்றார், அவர் வாயை மூடுவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டாள். நவம்பரில் சிலிக்கு வருகிறாள். நான் வரவில்லை, ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டேன், 'உன்னை யாரு கூப்பிட்டா' என்றாள். போனில் சொல்லாதே, உனக்கு ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அவள் வந்து கதவைத் தட்டும்போது தெரியாத மாதிரி நடித்துக்கொள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கரையிலும் கடலிலும் காக்கட்டும், உங்கள் வீடு நிறைவாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்போதே உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் நடுத்தட்டில் ஒரு இடம் காலி செய்து வை, உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், ஊசி உறைந்துவிட்டால் வீணாகிவிடும். ஆறு வாரம் தங்குவதாகச் சொல்கிறாள், ஆனால் அதற்கும் மேலே ஊசி கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள், நானும் எதற்கு என்று கேட்கவில்லை. ஆகையால் இடத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வை.

இப்படிக்கு,
பெருமையில் நேற்று உப்பென்று சர்க்கரையை மீனில் போட்டுச் சாப்பிட்ட
உன் அப்பா
துமாஸ்